பாவு நீளத்துக்கு ஒரு வீடு

ஐப்பசி பிறந்த முதல் சனிக்கிழமை, காலை 5.50க்குப் பூந்தமல்லியில் ஆரணிப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் நூற்று இருபத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

நான் வீட்டு வரைபடம் போடுகிறவள். அம்பத்தூரில் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினெட்டு வருடத்தில் நானூறு வீடுகளாவது வரைந்திருப்பேன். அவற்றில் ஒன்றின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. மனையைப் பார்ப்பதும் கட்டுமானத்தை மேற்பார்வையிடுவதும் இன்ஜினியர் வேலை. கிரகப்பிரவேசப் பத்திரிகை அவருக்குத்தான் வரும். எனக்கு மறுநாள் அலுவலகத்துக்கு லட்டு வரும். இது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. என் வேலை காகிதத்தோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆரணி சுமதி அப்படி நினைக்கவிடவில்லை.

சுமதி பட்டுத்தறி நெய்கிறவர். அவருடைய உறவினர் ஒருவருக்குக் கொரட்டூரில் நாங்கள் வீடு வரைந்து கொடுத்திருந்தோம். அந்தப் பழக்கத்தில் என் எண்ணை வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பித் தள்ளினார். முதல் செய்தியே வித்தியாசமாக இருந்தது. "அக்கா, ரூமு எத்தினி வேணும்னு கேக்காதீங்க. எனக்கு நீளம் வேணும்."

அவர் வாங்கியிருந்த மனை பதிமூன்று அடி அகலம், எண்பத்து நான்கு அடி நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இது வீடு கட்டுகிற இடமா, வண்டி விடுகிற சந்தா என்று கேட்டுவிட்டுப் போன துண்டு. சுமதிக்கு அதுதான் வேண்டியிருந்தது. சேலையின் நெடுக்கு இழைகள் மொத்தத்தையும் சேர்த்துப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை ஆள் உயரத்துக்குப் பாதியில், தரையில் படாமல் இழுத்துப் பிடித்து விரிக்க வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைத்து, ஒட்டியவற்றைப் பிரித்துவிட வேண்டும். ஆரணியில் இதைக் காலை வேளையில் தெருவில் வைத்துச் செய்கிறார்கள். மழைக்காலத்தில் தெரு உதவாது.

"ரெண்டு மாசம் பேஜாருக்கா. பாவ வெச்சிகினு வானத்தப் பாத்துகினு நிக்கணும். வூட்டுக்குள்ளயே விரிக்கிற மாதிரி ஒரு வூடு வரைஞ்சி குடுங்க" என்றார்.

வரைந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் போட்டதிலேயே விசித்திரமான வரைபடம் அது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. கூரைக் கான்கிரீட் முடிந்து, முட்டுகளையும் பலகைகளையும் பிரித்துவிட்டார்கள், சுவர் பூச்சு இனிமேல்தான் என்று சுமதி சொன்னதும், ஒரு வீட்டையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 8.10. ஆற்காடு பேருந்து நிலையம். பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் அங்கங்கே தண்ணீர் மினுங்கியது. பத்து நிமிடம் வண்டி நிற்கும் என்றார் நடத்துநர். இறங்கி, அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஆறு வாங்கினேன், ஒன்று இருபத்தைந்து ரூபாய். திமிரி வழியாக ஆரணி இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் நெல் நாற்றுகள். ஆரணிக்கு அரிசி ஒரு கண், பட்டு ஒரு கண். ஊர் எல்லையை அரிசி ஆலைகளின் உமி வாசனைதான் முதலில் சொல்லும் என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னார். சொன்னபடியே வந்தது.

9.15க்கு ஆரணியில் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் தெருவின் பெயரைச் சொன்னேன்.

"அந்த ரயிலு வூடுங்களா?" என்றார்.

"ரயில் வீடா?"

"நீட்டமா கட்டிகினு கீறாங்களே, அதானுங்க. ஒரு நாளு போய் உள்ள எட்டிப் பாத்தேன். இந்தாண்ட நின்னு கூப்ட்டா அந்தாண்ட கேக்காது போலக் கீது." அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். வரைந்தவள் நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் கிண்டல் செய்கிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியாததால் சொல்லவில்லை.

சுமதிக்கு நாற்பது வயதிருக்கும். குரலை வைத்து உயரமான பெண்ணாகக் கற்பனை செய்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். கணவர் பார்த்திபன் விசைத்தறிக் கொட்டகையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். வேலை முடிந்து வந்து தூங்காமல் எனக்காகக் காத்திருந்தார். கொத்து வேலைக்குத் தலைமை கோவிந்தன் மேஸ்திரி. அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூரையில சட்டி வெக்கச் சொன்னது நீங்கதானா மேடம்?"

நான்தான். உள்ளே நுழைந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

இதை எப்படிச் சொல்வது? கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில், கீழ்க்கம்பிகளுக்கு நடுவே கனம் தேவைப்படாத இடங்களில், மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடச் சொல்லியிருந்தேன். சிமெண்ட் குறையும், சட்டிக்குள் அடைபட்ட காற்று வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். கணினித் திரையில் அது வெறும் வட்டங்கள். இங்கே அறுபது அடி நீளத்துக்கு, ஐந்து வரிசையில், சிவந்த மண்வாய்கள் சாம்பல் நிறக் கூரையில் பதிந்து கிடந்தன. சட்டிகள் வந்தவாசி சாலையில் ஒரு சூளையிலிருந்து வந்தவையாம். சட்டிக்குச் சட்டி நிறம் மாறியது. சில இடங்களில் குயவரின் விரல் தடமே தெரிந்தது. நான் வரைந்ததைவிடப் பல மடங்கு அழகாக இருந்தது.

"மொதல்ல நான் ஒத்துக்கல. நாப்பது வருசமா கூர போடறேன், சட்டி வெச்சுப் போட்டதில்ல. பலகைய எடுத்த அன்னிக்கு நானே நடுவுல போய் நின்னேன், வுழுந்தா எம்மேல வுழட்டும்னு" என்றார் மேஸ்திரி.

"வுழல" என்றார் சுமதி.

"வுழுந்திருந்தா இன்னிக்கு மேடம இட்டுகினு வந்திருப்பியா?"

வீடு முழுவதையும் சுற்றிக் காட்டினார்கள். முன்பக்கம் தெருவை ஒட்டி நான்கு அடி திறந்த வெளி. அடுத்து ஒரே கூடம், குறுக்குச் சுவர் இல்லாமல் அறுபது அடி. அதன் கடைசியில் பார்த்திபன் பகலில் தூங்குவதற்குப் பத்தடி அறை. அதற்குப் பின்னால் மாடிப்படி, படிக்குக் கீழே குளியலறை. சமையலறை மாடியில். எண்ணெய்ப் புகை பட்டுக்கு ஆகாது, சமையல் மேலே போய்விட வேண்டும் என்பது சுமதியின் முதல் நிபந்தனை.

தரையைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்தியிருந்தோம். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தறிக்குக் கீழே ஒரு குழி வேண்டும். வாடகை வீட்டில் மழை வந்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். இங்கே குழியின் அடித்தளமே தெருவைவிட ஒரு சாண் மேலே இருக்கிறது. ஊறினால் பார்க்கலாம் என்றார் சுமதி.

இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால் கூரையில் மூன்று இடத்தில் சின்னக் கூண்டுபோல் எழுப்பி, வடக்குப் பார்த்த பக்கம் மட்டும் கண்ணாடி கொடுத்திருந்தேன். வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் விழும். முதல் கூண்டின் கீழே போய் நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. அது நான் குறித்த இடத்தில் இல்லை. இரண்டரை அடி தள்ளி இருந்தது.

"இது மாறியிருக்கே" என்றேன்.

சுமதி தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டுக் காட்டினார். "நீங்க வரைஞ்ச எடத்துல வெச்சா வெளிச்சம் எம் முதுகுல வுழுது. என் நெழலு சேலைமேல வுழும். பாத்துப் பாத்துக் கண்ணு போயிடும். அதான் முன்ன தள்ளச் சொன்னேன். கோவமா அக்கா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கைக்கு எதிரே, சேலை இருக்க வேண்டிய இடத்தில், பால் போல வெளிச்சம் கிடந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை. பதினெட்டு வருடமாக மேலிருந்து கீழாக மட்டுமே வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், முதல் முறையாக ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

காலை 11.40. சுமதி ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துவந்தார். மூன்று சேலைக்கான பாவு எவ்வளவு நீளமோ அவ்வளவு கயிறு. "நீங்க இருக்கும்போது ஒருவாட்டி வெச்சிப் பாத்துக்கலாம்" என்றார். பார்த்திபன் கயிற்றின் ஒரு முனையை இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். சுமதி மறுமுனையோடு அறைச் சுவர்வரை நடந்தார். அவரும் சுவரில் முதுகை ஒட்டினார்.

கயிறு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

இருவரும் இன்னும் ஒட்டினார்கள். கயிறு தரையைவிட்டு எழவில்லை. எனக்குப் புரிய ஐந்து நொடி ஆனது. புரிந்ததும் காது சூடாகிவிட்டது. பாவு அறுபது அடி என்று சுமதி சொன்னார். சுவருக்குச் சுவர் அறுபது அடி விட்டேன். பாவை இரண்டு முனையிலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க ஆள் நிற்க வேண்டுமே, அந்த ஆளுக்கு நான் இடம் விடவில்லை. பாவை அளந்தேன், மனிதரை அளக்கவில்லை.

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன்.

"அந்தாண்ட நாலு, இந்தாண்ட நாலு" என்றார் பார்த்திபன். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"வாசல் கதவைத் திறந்து, ஒருத்தர் வெளியே நின்னா?"

"மழைக்குத்தான அக்கா இந்த வூடே. வெளிய நின்னா சாரல்ல பாவு நனைஞ்சிடும்" என்றார் சுமதி. பிறகு சும்மா இருக்கவும் முடியாமல், சொல்லவும் மனமில்லாமல் சொன்னார்: "தைக்கு வாடக வூட்டக் காலி பண்றோம்னு சொல்லிட்டோம்."

மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போனது கோபத்தால் அல்ல, எங்களை யோசிக்க விடுவதற்காக என்று பிறகு தெரிந்தது.

"தப்பு என்னுது" என்றேன். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான் சரியாக் கேக்கல. சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. முதலில், தூங்கும் அறையின் சுவரை மொத்தமாக எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சுமதி கணவரைப் பார்த்தார். இரவெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் தூங்க ஓர் அறை என்பதுதான் இந்த வீட்டில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே பொருள்.

பார்த்திபன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பாவு விரிக்கிற அன்னிக்கு நான் இன்னாத்துக்குத் தூங்கப் போறேன்? ஒரு பக்கம் நாந்தான இழுக்கணும்."

அவ்வளவுதான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அறை எல்லா நாளும் மூடியிருக்க வேண்டியதில்லை, பாவு இல்லாத நாளில் மூடியிருந்தால் போதும். ஒரு செங்கல் துண்டை எடுத்து அந்தச் சுவரிலேயே வரைந்தேன். இடது பக்கம் ஏற்கெனவே மூன்றடிக் கதவு. அதை விட்டு ஒன்றரை அடி தள்ளி, ஐந்தடி அகலத்துக்கு ஒரு திறப்பு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி, கதவுக்கு மேலே ஓடும் லிண்டல் என்கிற கான்கிரீட் பட்டைவரை. வலது பக்கம் இன்னொரு ஒன்றரை அடிச் சுவர் நிற்கும். திறப்புக்கு மூன்றாக மடியும் மரக் கதவு, கீல் கீழ்ப்பக்கம். மூடினால் சுவர், காற்றும் வெளிச்சமும் புகாது. பாவு வரும் நாளில் கதவைக் கூடத்துப் பக்கம் இறக்கி, மடித்துச் சுவரோடு தொங்கவிட்டுக் கட்டிலை மடித்து நிறுத்தினால், பாவு அறைக்குள்ளும் போகும். உள்ளே இன்னும் பத்தடி. மற்ற நாளில் கதவைப் பாதி இறக்கிச் சங்கிலியில் நிறுத்தினால், அதுவே துணி மடிக்கும் மேசை.

"மடக்குக் கட்டிலா? அதுல நல்லாத் தூக்கம் வருமா?" என்றார் பார்த்திபன். அவர் சிரித்தது அப்போதுதான்.

மேஸ்திரி திரும்பி வந்து சுவரில் இருந்த கோடுகளை நெடுநேரம் பார்த்தார். "லிண்டலுக்குக் கீழ செங்கல் எடுத்தா ஒண்ணும் ஆவாது. ஊரெல்லாம் அத கதவு ஜன்னலுக்கு மேல மட்டுந்தான் போடுவாங்க. நீங்க வூட்டச் சுத்தியும் பெல்ட்டு மாதிரி ஓட்டச் சொன்னீங்க, கம்பி தண்டம்னு நான் திட்டினேன். இப்ப அதான் காப்பாத்துது" என்றார். "ஆனா இன்ஜினியர் ஒரு வார்த்த சொல்லணும். அவரு சொல்லாம நான் உளி வெக்கமாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். எங்கள் இன்ஜினியருக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம். சுவரை, பெல்ட்டை, கூரையை எல்லாம் காட்டச் சொன்னார். என் தவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அகலம் அஞ்சடிக்கு மேல போகக்கூடாது. ரெண்டு பக்கமும் ஒன்றரை அடிச் சுவர் நிக்கணும். வெட்டறதுக்கு முன்னாடி முட்டு குடுத்துட்டு வெட்டச் சொல்லு. ஓரத்து முட்டு ஒரு வாரம் நிக்கட்டும். நான் செவ்வாய்க்கிழமை வந்து பாக்கறேன்" என்றார். பிறகு, "நீ அங்கேயே இரு, வேலை முடியற வரைக்கும்" என்றார்.

பகல் 1.30. சுமதியின் வாடகை வீட்டில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். மக்கன் பேடாவை அப்போதுதான் நினைவு வந்து எடுத்துக் கொடுத்தேன். 2.15க்கு மேஸ்திரி முட்டுகளை நிறுத்தினார். முதல் உளியை அவரே வைத்தார். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக, உடையாமல் எடுத்துப் பார்த்திபன் கையில் கொடுத்தார். பார்த்திபன் வாங்கிப் பின்பக்கம் அடுக்கினார். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஆகும் என்றார்கள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கமும் நிற்கும் ஒன்றரை அடிச் சுவரின் அளவைப் பார்த்தேன். மேலே பெல்ட்டில் மயிரிழை விரிசல்கூட வரவில்லை. மாலை 5.20க்கு அறைக்குள் நின்று பார்த்தால் கூடம் முழுவதும், தெரு வாசல்வரை, ஒரே பார்வையில் தெரிந்தது.

இரவு தங்க, பேருந்து நிலையம் அருகே ஒரு லாட்ஜில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். குளித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை 6.30. தூறல். குடையோடு நடந்தே போனேன். தெருவில் பாவு போட நினைத்திருந்தவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுமதியும் அன்றைக்குத் தெருவில் விரிப்பதாகத்தான் இருந்தார். கூட இழுக்க நான்கு பெண்களுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் பழைய வேட்டிகள், சேலைகள் துவைத்து அடுக்கி இருந்தன.

"இன்னிக்கே உள்ள போட்டுடலாமா அக்கா?" என்றார். "பூச்சு வேல ஆவல, மண்ணு இருக்கும்னு இவரு யோசிக்கிறாரு."

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"கழுவிட்டேன். மேலயும் தொடச்சிட்டேன். எனக்குப் பயமில்ல."

ஷிப்ட் முடிந்து வந்த பார்த்திபன் திறப்பின் வெட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தார். நான்கைந்து சேலைகளை எடுத்து விளிம்பு முழுவதும் சுற்றிக் கட்டினார். பட்டு செங்கல்லில் உரசக் கூடாது. அதுதான் அவருடைய சம்மதம்.

7.20க்குப் பாவு உள்ளே வந்தது. நாவல்பழ நிறம். இவ்வளவு நேரம் இதைப் பற்றிப் பேசினேன், வரைந்தேன், தவறாக அளந்தேன். கண்ணால் பார்த்தது இப்போதுதான். பந்தாகச் சுருட்டியிருந்ததை நான்கு பெண்களும் பிரித்துக்கொண்டே கூடத்தின் நடுவில் நடந்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், குறுக்கே செருகியிருந்த குச்சிகளின் மேல் நான்கடி அகலத்துக்குப் பரவின. திறப்பைத் தாண்டி முனை அறைக்குள் போனதும் சுமதி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இவருகூட நில்லுங்க. ஒரு ஆளு கொறையுது."

"எனக்குத் தெரியாதே."

"கயித்தப் புடிச்சிகினு பின்னால சாயுங்க. அவ்ளோதான். ஜல்தியா வேணாம், மெதுவா."

பார்த்திபன் பக்கத்தில் நின்று, பாவு கட்டிய கோலின் கயிற்றைப் பிடித்தேன். எதிர் முனையில், அறுபதடிக்கு அந்தப் பக்கம், சுமதி கையைத் தூக்கினார். இழுத்தோம். இழை இழையாக இருந்த பாவு ஒரே உடம்பாக இறுகிக் கையை இழுத்தது. குதிகால் தானாகப் பின்னால் போனது. ஒரு அடி, இரண்டு, மூன்று. இடுப்பு சாய்ந்தது. நான்கடி என்று பார்த்திபன் நேற்றுச் சொன்னது அப்போது என் முழங்காலுக்குப் புரிந்தது. எனக்குப் பின்னால் சுவர் இன்னும் மூன்றடி தள்ளி இருந்தது. பாவு தரையைவிட்டு எழுந்து, வாசல் பக்கத்திலிருந்து திறப்பின் வழியாக என் கைவரை, ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றது.

"நிக்குது" என்றார் பார்த்திபன்.

மூன்று கூண்டுகளிலிருந்தும் இறங்கிய வெளிச்சத்தில் பெண்கள் இரண்டு பக்கமும் நடந்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்தார்கள். அவர்களில் ஒருவர், தெருவில் கண் கூசும், இங்கே அறுந்தது தானாகத் தெரிகிறது என்றார். வெளியே தூறல் மழையாகிவிட்டது. வாசலில் குடையோடு வந்து நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சுமதி, செவ்வாக்கெழம எங்களுது ஒண்ணு இருக்குது. போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

"செவ்வாக்கெழம இன்ஜினியர் வராரு. புதங்கெழம வாங்க" என்றார் சுமதி, கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமலே.

ஐம்பது நிமிடத்தில் வேலை முடிந்து பாவைச் சுருட்டினார்கள். என் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. சுமதி அதைப் பிடித்துப் பார்த்தார். வாடகை வீட்டிலிருந்து சுடச்சுட இட்லியும் கடலைச் சட்னியும் கொண்டுவந்தார். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பகல் 12.30 பேருந்தில் திரும்பினேன். ஆற்காடுவரை கூட்டம், நின்றபடி வந்தேன். பிறகு உட்கார இடம் கிடைத்ததும் எங்கள் வாடகை வீட்டை நினைத்துக்கொண்டேன். பாடியில், இரண்டாவது மாடி. சமையலறைக் கதவைச் சாத்தினால்தான் எங்கள் ஃபிரிட்ஜ் முழுசாகத் திறக்கும். ஏழு வருடமாக ஒரு கையில் பால் பாத்திரமும் ஒரு காலில் கதவுமாக நிற்கிறேன். அதை வரைந்தவரும் என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார். அடுப்புக்கு இடம் விட்டிருக்கிறார், ஃபிரிட்ஜுக்கு இடம் விட்டிருக்கிறார், கதவு சுழலும் வட்டத்தைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறார். பால் பாத்திரத்தோடு நிற்கிறவளுக்கு விடவில்லை. முன்பானால் அவர்மேல் கோபம் வந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் முதல் அழைப்பு, திருமுல்லைவாயிலிலிருந்து ஒருவர். இருபதுக்கு நாற்பது மனை, கிழக்குப் பார்த்தது, இரண்டு படுக்கையறை, வழக்கமாகப் போடுவதுபோலப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். வழக்கமாக நான் உடனே கோடு போடத் தொடங்கிவிடுவேன்.

"சார், காலையில உங்க வீட்ல முதல்ல எழுந்திருக்கறது யாரு? எழுந்ததும் எங்க போய் நிப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் மனைவிக்கு நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும் என்று தொடங்கினார். நாற்பது நிமிடம் பேசினார். போனை வைத்தபோது என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடுகூட இல்லை. நோட்டில் நான்கு பக்கம் நிறைந்திருந்தது.